தலையாட்டி விற்ற கார்

எலக்ட்ரிக் கார் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமையே எங்களுக்கு யார் யார் எதிரிகள் என்று பாடம் நடந்தது. நடத்தியவர் சென்னையிலிருந்து வீடியோவில் பேசும் ஏரியா மேனேஜர். சீனாக்காரன் ஒரு எதிரி, கொரியாக்காரன் ஒரு எதிரி, அமெரிக்காக்காரன் எப்போது வேண்டுமானாலும் வந்து இறங்குவான். பேட்டரிக்கு வேண்டிய உலோகமெல்லாம் எந்தெந்த நாட்டு மண்ணுக்குள் கிடக்கிறது என்று ஓர் உலக வரைபடத்தையும் காட்டினார். அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் டிராக்டர் விற்றவன் நான். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எனக்கு யாரும் உலக வரைபடம் காட்டியதில்லை. எதிரிகளை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார், எழுதிக்கொண்டேன்.

எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தால், வேலூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனியின் எலக்ட்ரிக் கார் ஷோரூமுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே விற்க வந்திருந்தவன் என்னோடு டிராக்டர் விற்ற பழைய கூட்டாளி. இருவருக்கும் ஒரே டீக்கடை. அவனுக்கும் அவனுடைய மேனேஜர் ஒரு வரைபடம் காட்டியிருந்தார். அதில் எங்கள் கம்பெனியை எதிரியாகவே சேர்க்கவில்லை என்று டீ குடித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

உண்மையில் எங்கள் இரண்டு கம்பெனிக்கும் முதல் எதிரியாக வந்தது மார்கழி மாதம். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு ஷோரூமைத் திறந்துவிட்டார்கள். அடுத்து மார்கழி. எங்கள் ஊரில் மார்கழியில் பெரும்பாலும் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். மேனேஜருக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை.

"டிசம்பர்லதாங்க எல்லா ஊர்லயும் ஜாஸ்தி போகும். இயர் எண்ட் ஆஃபர்!"

"இங்க அது மார்கழிங்க சார்."

"அப்ப மார்கழி ஆஃபர்னு போடுங்க."

போட்டோம். வாசலில் பெரிய கோலமும் பூசணிப்பூவும் வைத்தோம். அந்த மாதம் முழுக்க மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார். ஒருவர் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டார். மூன்றாமவர் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர். பூமியைக் காப்பாற்றப் போகும் கார் இது என்று முக்கால் மணி நேரம் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வாடகை சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தை பிறக்கும் சமயத்தில்தான் மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை ஊர் விவசாயி ஒருவர் கார் பார்க்கிறார் என்று தகவல் வந்தது. அவருக்கு டிராக்டர் விற்றதே நான்தான். அறுபது வயது, ஆறு ஏக்கர், நல்ல கிணறு. அவர் ஒன்றை வாங்கினால் போதும், பங்காளிகள் நாலு பேர் அதையே ஒரு சைஸ் பெரிதாக வாங்குவார்கள். எதிர்ப்பக்கத்துக்காரனுக்கும் இது தெரியும். சீனாவையும் அமெரிக்காவையும் மறந்துவிட்டு இரண்டு கம்பெனியும் அந்த ஒரு மனிதரைத் துரத்தத் தொடங்கினோம்.

ஓட்டிப் பார்க்காமல் எடுக்க மாட்டேன், மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டு என்று இருவரிடமும் சொல்லிவிட்டார். காலையில் அவன் காரில் ஒரு கிரிவலம், சாயங்காலம் என் காரில் ஒரு கிரிவலம். விவசாயி முன்சீட்டில். பின்னால் அவருடைய மனைவியும், தங்கைமார் இரண்டு பேரும், அவர்கள் மடியில் பேரப்பிள்ளைகளும்.

"எட்டு லிங்கத்துலயும் நிறுத்துப்பா. காத்தால அந்தப் புள்ள அஞ்சுலதான் நிறுத்துனான்" என்றார் விவசாயி வீட்டு அம்மா.

மலையைச் சுற்றி இருக்கும் எட்டு லிங்கக் கோயிலிலும் நிறுத்தினேன். ஒவ்வொரு இடத்திலும் நாலு கதவையும் திறந்து போட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். ஏசியை நிறுத்தக் கூடாது, திரும்பி வரும்போது ஜில்லென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. பதினாலு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எங்கள் விளம்பரப் புத்தகத்தில் ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று போட்டிருக்கிறார்களே, அந்தத் தூரத்தை அளந்த மகராசன் அடி அண்ணாமலைக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அளக்கவில்லை. திரையில் சதவீதம் இறங்க இறங்க எனக்கு வியர்த்தது. கடைசியில் அம்மா கொடுத்த பிரசாதப் பையைத் திரைக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டேன்.

"நடந்து சுத்துறதுதான் கணக்கு. ஆனா ஒரே நாள்ல ரெண்டு சுத்து ஆச்சே" என்று அம்மாவுக்குத் திருப்தி.

கார் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவன் சீட் கவர் இலவசம் என்றான், நான் மிதியடியும் சேர்த்து இலவசம் என்றேன். விவசாயி இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"வீட்டு லைன்ல சாயங்காலம் ஆனா பல்பே மினுக்கு மினுக்குனு அழுவுது. மோட்டார் கொட்டாய்ல சொருவிக்கலாமா தம்பி? அங்க கரண்ட்டுக்குக் காசும் இல்ல பாரு."

விவசாய மோட்டாருக்கு அரசு தரும் மின்சாரத்துக்குக் காசு கிடையாது. அதை மோட்டாருக்குத் தவிர வேறெதற்கும் எடுக்கவும் கூடாது. எடுத்துப் பிடிபட்டால் அபராதம் வரும், இணைப்பையும் பிடுங்கிவிடுவார்கள். டிராக்டர் விற்கக் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கிய எனக்கு இது தெரியாதா? காலையில் இதே கேள்விக்கு எதிர்ப்பக்கத்துக்காரன் "கேட்டுச் சொல்றேங்க" என்று சொல்லியிருக்கிறான். பாவம், அவன் அப்போது நல்லவனாக இருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே தலையை மட்டும் மேலும் கீழுமாக ஆட்டினேன். மறுநாள் முன்பணத்தோடு வந்துவிட்டார்.

டெலிவரி அன்று கோபுரத்தை ஒட்டிய தெருவில் பூஜை. குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து முன்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இஞ்சின் எங்க?"

"இதுல இஞ்சின் கிடையாதுங்க சாமி."

"அப்ப நான் எதுக்குப் பொட்டு வைக்கறது?"

ஷாக் அடிக்கும் ஆரஞ்சு நிற வயர்களைத் தவிர எதை வேண்டுமானாலும் தொடலாம் என்றேன். ஓரத்தில் இருந்த சின்ன பேட்டரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத் தீர்த்தச் சொம்பைத் தூக்கினார். நான் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரிப் பூக்கடைக்காரம்மா எழுந்து நின்றுவிட்டார். நாலு எலுமிச்சம்பழத்தின் மீது கார் சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் வரவில்லையே, கிளம்பியதா இல்லையா என்று தங்கைமார் இருவருக்கும் சந்தேகம்.

கம்பெனி எலக்ட்ரீஷியன் போய் வீட்டுச் சுவரில் முறைப்படி சார்ஜர் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அதில் அவர்கள் ஒரு நாளும் சார்ஜ் போடவில்லை, துண்டு காயப்போட்டார்கள். ஊர் மோட்டார் மெக்கானிக்கை வைத்துக் கொட்டகையில் ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக்கொண்டார் விவசாயி. மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் பாய்கிற நேரத்தில் காருக்கும் சார்ஜ் ஏறியது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

மாசியில் விலைச் சண்டை ஆரம்பித்தது. வருடக் கணக்கு முடிவதற்குள் விற்றாக வேண்டும் என்று எதிர்ப்பக்கத்துக் கம்பெனி விலையைக் குறைத்தது. மறுநாள் காலை எங்கள் கம்பெனி அதைவிடக் குறைத்தது. வாசல் முழுக்கப் பலூன் கட்டச் சொல்லி மேனேஜர் உத்தரவு. நான் ஸ்டூலில் ஏறிக் கட்டிக்கொண்டிருக்கும்போது விவசாயி கார் வந்து நின்றது. கத்தவில்லை. பலூன்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் எடுத்து முழுசா ரெண்டு மாசம் ஆவல. மல்லாட்டைக்கு இப்படி வெல எறங்குனா நாங்க தலையில துண்டப் போட்டுக்குவோம். நீங்க இன்னாடான்னா பலூன் கட்டிகினு கீறீங்க."

ஊதிய பலூனைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கினேன். ஏற்கெனவே வாங்கியவர்களைச் சமாதானப்படுத்தக் கம்பெனி ஒரு சலுகை அறிவித்தது. ஷோரூம் சார்ஜரில் ஒரு வருடத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாகச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே இருக்கும் ஷோரூமுக்கு எவன் வேலை மெனக்கெட்டு வந்து ஒரு மணி நேரம் உட்காருவான் என்ற தைரியத்தில் கொடுத்த சலுகை அது. திங்கட்கிழமை வீடியோ கூட்டத்தில் மேனேஜரே அப்படிச் சொல்லிச் சிரித்தார்.

அதே கூட்டத்தில்தான் மகிழ்ச்சியான வாடிக்கையாளர் வீடியோ ஒன்று வேண்டும் என்று கேட்டார். நகரத்து முகமாக இருக்கக் கூடாதாம், மண் வாசனையோடு இருக்க வேண்டுமாம். எனக்கு வேறு யாரைத் தெரியும்? போனை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். விவசாயி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா விசேஷத்துக்குக் கட்டும் புடவையில் இருந்தார். பின்னால் மலை, பக்கத்தில் பச்சைப் பசேலென்று மல்லாட்டை, வேப்பமரம், மோட்டார் கொட்டகை, கொட்டகைக்குள்ளிருந்து காருக்கு வரும் வயர். எல்லாம் ஒரே படத்தில் அழகாக அடங்கிவிட்டது என்று எனக்குப் பெருமை.

"பெட்ரோல் செலவும் இல்ல, கரண்ட் பில்லும் இல்ல. எல்லாம் நம்ம மோட்டார் கரண்ட்டுதான்" என்றார் விவசாயி கேமராவைப் பார்த்து.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சூப்பருங்க. இன்னொரு வாட்டி, சிரிச்சிகினே சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

மேனேஜர் அதற்கு நாதஸ்வர இசை போட்டு, "செலவே இல்லாத பயணம்" என்று எழுத்தும் போட்டு ஊரெல்லாம் பரப்பினார். இரண்டு நாளில் எனக்கே ஏழு வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று பங்காளிகள் விவசாயியைக் கிண்டல் செய்தார்களாம். அவருக்கும் சந்தோஷம்.

பங்குனி முதல் வாரத்தில் மின்சார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கொட்டகைக்கு வந்தார். கையில் போன். போனில் அந்த வீடியோவை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு தடவை படத்தையும் ஒரு தடவை மரத்தையும் பார்த்திருக்கிறார்.

"இதே வேப்பமரம்தானேங்க?"

விவசாயி, பாவம், அப்போதும் புரியாமல் ஆமாங்க, நல்லா வந்திருக்கில்ல என்று கேட்டிருக்கிறார். அதிகாரி நல்ல மனிதர். "நானா வரலைங்க. மேலேர்ந்து இத அனுப்பி, எந்த ஊர்ல எடுத்ததுன்னு கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு, சட்டப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். இணைப்பு போனது. அபராதம் கட்டி, மனு எழுதி, பார்வையிட்டு, மறுபடி இணைப்புக் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். மல்லாட்டையில் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம் அது. அந்தச் சமயத்தில் தண்ணீர் இல்லையென்றால் செடி மட்டும்தான் மிஞ்சும்.

மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"வீடியோவ உடனே எடுத்துடலாம்" என்றார். "நாம அவருக்கு எழுத்துல ஏதாவது குடுத்திருக்கமா?"

"இல்லைங்க சார்."

"வாயால சொன்னீங்களா?"

"தலையாட்டினேன் சார்."

"அதுக்கெல்லாம் ரெக்கார்ட் இல்ல. கவலப்படாதீங்க."

எனக்கு முதல் தடவையாக அந்த வேலையின் மீது அருவருப்பு வந்தது. என் மீதும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

விவசாயியின் கொல்லைக்காட்டுக்குப் போனபோது உச்சிவெயில். மல்லாட்டை இலைகள் மூடிக்கொண்டு கிடந்தன. அம்மா வரப்பில் நின்றுகொண்டே திட்டினார். "சிரிச்சிகினே சொல்லுங்கன்னு சொன்னியே, இப்ப வந்து நீ சிரி" என்றார். விவசாயி ஒன்றும் திட்டவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நீ தலையாட்டினியே தம்பி. டிராக்டர் குடுத்த ஆளு, தெரிஞ்சிதான் ஆட்டுவான்னு பிளக்கு போட்டேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பக்கத்தில் நிழலில் கார் பளபளவென்று நின்றது. அதைப் பார்க்கும்போது எங்கள் விளம்பரப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது. ஓர் ஏரிக்கரை, ஒரு ஜோடி, காரிலிருந்து ஒரு வயரை இழுத்துக் காபி போடுகிறார்கள். காரின் பேட்டரியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கலாம் என்று காட்டும் படம் அது. இந்த ஊரில் எவன் ஏரிக்கரையில் காபி போடப்போகிறான் என்று அந்தப் பக்கத்தை யாருக்கும் நான் புரட்டிக் காட்டியதே இல்லை.

கிணற்று மோட்டாரை இழுக்க அதற்குச் சக்தி போதாது. ஆனால் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டாரை இழுக்கும். நேராக என் வீட்டுக்குப் போய் எங்கள் மோட்டாரைக் கழற்றினேன். என் மனைவி கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவதற்கில்லை. அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் குடம் தூக்கியது நான்தான்.

மோட்டாரைக் கிணற்றுப் படியில் கயிற்றால் கட்டி, குழாய் மாட்டி, வயரைக் காரில் சொருகினோம். மோட்டார் உறுமியது, தண்ணீர் வந்தது.

"இன்னா தம்பி, மாடு மோண்ட மாதிரி வருது" என்றார் விவசாயி.

ஆனாலும் வந்தது. மூன்று ஏக்கர் மல்லாட்டைக்கும் அது எட்டாது, ஓர் ஏக்கரையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அதற்குத் தினமும் காருக்குச் சார்ஜ் வேண்டுமே. வீட்டு லைனில் ஏறவே ஏறாது. அப்போதுதான் பலூன் அன்று கொடுத்த சலுகை எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

மறுநாளிலிருந்து காலை ஒன்பதரைக்கெல்லாம் விவசாயி ஷோரூமுக்கு வந்துவிடுவார். டயரெல்லாம் சேறு, பின்சீட்டில் மண்வெட்டியும் குழாய்ச் சுருளும். காரைச் சொருகிவிட்டு ஏசிக்கு நேராக உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மிஷின் காபி இரண்டு குடிப்பார், மட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். பேட்டரி ஏறியதும் ஷோரூம் கரண்ட்டை ஏற்றிக்கொண்டு கொல்லைக்குப் போவார். நான் ஒன்றும் கேட்க மாட்டேன், அவரும் என்னிடம் அதிகம் பேச மாட்டார்.

திங்கட்கிழமை வீடியோவில் மேனேஜர் உற்சாகமாக இருந்தார். "உங்க சார்ஜர்ல ஒரே கஸ்டமர் தெனம் வர்றாரே! இதான் பிராண்ட் மேல இருக்கற பாசம். ஒரு வீடியோ எடுங்க."

"போன் கேமரா போயிடுச்சுங்க சார்" என்றேன்.

இணைப்புத் திரும்பக் கிடைக்கப் பங்குனி முழுக்க ஓடிவிட்டது. சித்திரையில் மல்லாட்டை பிடுங்கினார்கள். அந்த ஓர் ஏக்கரில் காய் நன்றாகவே இருந்தது. மற்ற இரண்டு ஏக்கரில் பிடுங்கிய செடியை உதறினால் மண்ணும் பருப்பில்லாத பொக்கும்தான். மாட்டுக்குத்தான் ஆகும் என்று அம்மா சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சித்திரைக் கடைசியில் விவசாயி ஷோரூமுக்கு வந்தார். வேகவைத்த மல்லாட்டை ஒரு பை நிறைய. கூடவே ஒரு பங்காளி. கார் தண்ணீர் பாய்ச்சியதைத் தினமும் வரப்பில் நின்று பார்த்தவர், தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்திருக்கிறார், பெரிய சைஸில். அந்த மாதம் நான் ஒரு கார்கூட விற்கவில்லை. அடுத்த மாதமும் இப்படியே போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் முந்தின திங்கட்கிழமைதான் நாசூக்காகச் சொல்லியிருந்தார். பங்காளி கலரைத் தேர்ந்தெடுத்தார், நல்ல நாள்கூடச் சொன்னார். விவசாயி சோபாவில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் தம்பி, மோட்டார் கொட்டாய்ல சொருவிக்கலாம் இல்ல?" என்றார் பங்காளி.

சோபாவில் மல்லாட்டை உரிக்கும் சத்தம் நின்றது.

"கூடாதுங்க" என்றேன். வாயைத் திறந்து, சத்தமாகத்தான் சொன்னேன்.

"இவருக்கு மட்டும் ஆவும், எனக்கு ஆவாதா?"

"இவருக்கு இன்னா ஆச்சுன்னு நீங்களே பாத்தீங்களே."

"அது இவரு வீடியோல போயி நின்னதால. நான் இன்னா வீடியோவா எடுக்கப் போறேன்?"

வீட்டு லைனில் வோல்டேஜ் கூட்டித் தரச் சொல்லித் தனியாக மனுப் போடலாம், நானே கூட வந்து எழுதித் தருகிறேன் என்றேன். விவசாயியும் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தார். பங்காளி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். ரோட்டைக் கடந்து எதிர் ஷோரூமுக்குள் நுழைந்தார். அங்கே என் பழைய கூட்டாளி ஓடிவந்து கதவைத் திறந்தான், நாற்காலி போட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. பங்காளி உட்கார்ந்தார், ஏதோ ஒன்று கேட்டார். கூட்டாளி ஒரு தடவை எங்கள் ஷோரூம் பக்கம் பார்த்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே தலையை மேலும் கீழுமாக ஆட்டினான்.

விவசாயி ஒரு கை மல்லாட்டையை என் மேஜை மீது வைத்தார்.

"உன்ன மாதிரியே ஆட்டறான் பாரு" என்றார்.